கூலி, குரல், கூரை: ஜொகூரில் பணியிடப் பிணைப்பின் வரலாறும் இன்றைய தேவையும்

வேலை செய்யும் இடத்தை ஒருவர் தன் இடமாகக் கருதுவதற்குச் சம்பளம் மட்டும் போதாது. இங்கே தனக்கு மதிப்புண்டு, தன் சொல்லுக்குச் செவிசாய்ப்பவர்கள் உண்டு, நாளைக்கும் தனக்கு இங்கே இடமுண்டு என்ற நம்பிக்கை சேரும்போதுதான் அந்த எண்ணம் வேர் பிடிக்கிறது. மேலாண்மையியலும் சமூக உளவியலும் பணியிடப் பிணைப்பு என்ற பெயரில் ஆராய்வது இந்த நம்பிக்கையைத்தான்.

ராய் பாமைஸ்டர், மார்க் லியரி என்னும் இரு உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பிறரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற நாட்டம் மனிதரின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்று அவர்கள் நிறுவினர். அது நிறைவேற இரண்டு நிபந்தனைகளையும் குறிப்பிட்டனர். ஒன்று, கசப்பில்லாத அடிக்கடிப் பழக்கம். மற்றொன்று, அந்த உறவு நிலைத்து நிற்கும், அதில் ஒருவருக்கொருவர் அக்கறை இருக்கும் என்ற உறுதி. 2011இல் லின் ஷோரும் அவருடன் ஆய்வு செய்தோரும் பணியிடத்துக்குரிய இன்னொரு கூற்றைச் சேர்த்தனர். குழுவில் ஒருவராக ஏற்கப்படுவது பாதி; தன் மொழி, சமயம், பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் அங்கே இருக்க முடிவது மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவரை உள்ளடக்கிக்கொள்வது முழுமை பெறும் என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கருத்துகளை உரைத்துப் பார்ப்பதற்கு தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூர் பொருத்தமான களம். ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம், துறைமுகம், மின்னணுத் தொழிற்சாலை, தரவு மையம் என்று ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் வேலையின் எல்லா வடிவங்களையும் அது கண்டிருக்கிறது. அந்த மாற்றம் ஒவ்வொன்றிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்திருக்கிறார்கள். வேலையிடத்தோடு அவர்கள் கொண்டிருந்த உறவின் வரலாறு, பிணைப்பு எதனால் வளர்கிறது, எது இல்லாவிட்டால் முறிகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தோட்டங்களின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் வருவாய் சீனக் குடியேறிகள் பயிரிட்ட மிளகையும் கம்பீரையும் நம்பியிருந்தது. ஆற்றங்கரை நிலங்களைக் காங்சூ எனப்பட்ட தலைவர்களுக்கு ஒப்படைக்கும் முறை வழக்கில் இருந்தது; 1917இல் அது ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் நிறைவுற்றதும் உள்நாட்டுக் காடுகள் திறந்தன. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அந்தப் பாதை நெடுக ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. சிங்கப்பூரோடு ஜொகூரை இணைக்கும் பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டபோது மாநிலம் மலாயாவின் முன்னணி ரப்பர் நிலமாக வளர்ந்துகொண்டிருந்தது.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறைக்கும் பிற்காலப் பிணைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே முதன்மை பெற்றது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே கங்காணியாக அவருடைய ஊருக்கு அனுப்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்வது அம்முறை. 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. இதனால் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் கிராமத்துக் குடும்பங்கள் கூட்டமாக வந்து லயம் எனப்பட்ட ஒரே வரிசைக் குடியிருப்பில் குடியேறின. ஒரு தோட்டத்தில் ஓர் ஊரின் உறவு வலையே பெயர்ந்து வந்து அமைந்தது.

சமூகம் தொழிலாளர் கட்டியது

தோட்டம் தன்னளவில் ஒரு முழு உலகமாக இருந்தது. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கூப்பிடுவார்கள். அதன்பின் அவரவர் மரநிரைக்கு ரப்பர்ப் பால் வெட்டப் போவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். நண்பகலில் பால் நிறுக்கப்படும். மாலையில் லயத்து முற்றத்தில் பேச்சும் பஞ்சாயத்தும் நடக்கும். வீடு, வேலை, மருத்துவம், கடை, கள்ளுக்கடை எல்லாம் ஒரே எல்லைக்குள் அடங்கின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் வகுத்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றம் இதுதான்.

இந்த உலகத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் கோயில்களை அவர்கள் கைக்காசு போட்டு எழுப்பினார்கள். ஆண்டுத் திருவிழாவும் தீமிதியும் அக்கம்பக்கத் தோட்டங்களையெல்லாம் ஒன்றுகூட்டின. கல்யாணத்துக்கும் சாவுக்கும் லயம் முழுவதும் கூடி நின்றது. மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு மலாயாத் தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்து 1970இல் வெளியிட்ட நூல், தென்னிந்தியத் தொழிலாளரின் குடும்ப, சாதி, சடங்கு உறவுகள் தோட்டத்து வேலைமுறையோடு எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை விரிவாகப் பதிவு செய்தது. அந்த உலகம் குறையற்றதாக இருக்கவில்லை. சாதி வேறுபாடு லயங்களிலும் தொடர்ந்தது. கங்காணியின் அதிகாரமும் கடனும் குடும்பங்களை அழுத்தின. கள் பல வீடுகளை வறுமையில் தள்ளியது. அப்படியிருந்தும், பாமைஸ்டரும் லியரியும் சொன்ன முதல் நிபந்தனையான அன்றாட நெருக்கம் அங்கே நிறைந்திருந்தது.

அந்தப் பற்றின் ஆழத்துக்கு இன்றும் கண்கூடான சான்றுகள் உண்டு. ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டம் அழிந்து வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகும், பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கின்றன. முத்தியாரா ரினி குடியிருப்பிலுள்ள லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி அவற்றுள் ஒன்று. நிலம் கைமாறியது, பயிர் மாறியது, முதலாளி மாறினார். மக்கள் கட்டிய பள்ளி மட்டும் பெயரோடு தொடர்ந்தது.

நிலைபேறு இல்லாத பற்று

இரண்டாம் நிபந்தனையான நிலைத்திருக்கும் உறுதியில்தான் தோட்டம் தோற்றது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைத்தவர்களுக்கும் தோட்டத்தில் இடம் என்பது சந்தை விலையைப் பொறுத்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. 1936ஆம் ஆண்டு இறுதியில் நிலைமையை நேரில் பார்த்த, இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, குறைத்த கூலியை மீண்டும் உயர்த்தவும் கங்காணிவழி ஆள்சேர்ப்பை நிறுத்தவும் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

மதிப்பு இல்லாத இடத்தில் பிணைப்பு எப்படிக் கொந்தளிப்பாகும் என்பதற்கு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் நடந்த வேலைநிறுத்தங்கள் சான்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்கப்பட்டது. அதோடு வைக்கப்பட்ட மற்றக் கோரிக்கைகள் ஆழ்ந்து கவனிக்கத்தக்கவை: கொடுமையாக நடக்கும் தோட்ட அலுவலர்களை நீக்க வேண்டும், பெண் தொழிலாளர் மீதான அத்துமீறல் நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும், வெள்ளைக்காரத் துரைமாருக்கும் எழுத்தர்களான கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்ல உரிமை வேண்டும், குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது. படை கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். சைக்கிளை ஓட்டிச் செல்லும் உரிமைக்குப் பணமதிப்பு எதுவும் இல்லை. வேலையிடத்தில் தானும் ஒரு மனிதன் என்ற ஏற்பையே அந்தக் கோரிக்கை கேட்டது.

நாடு விடுதலை பெற்ற பிறகும் உறுதியின்மை தொடர்ந்தது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டுச் சிறு சிறு பகுதிகளாக மறுவிற்பனை செய்தனர். துண்டான நிலத்தில் லயத்துக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் பொறுப்பேற்பார் இல்லை. இந்தத் துண்டாடலின் பொருளாதார, சமூக விளைவுகளைப் பொருளியலாளர் உங்கு அஜீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1962இல் அறிக்கையாகத் தந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை பெறாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோது, மலாயாவிலேயே பிறந்து உழைத்தும் குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் விட்டிருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற நேர்ந்தது. மனத்தளவில் வேரூன்றியிருந்தவர்களுக்கு ஏட்டளவில் இடமில்லாமற்போன துயரம் அது.

குரலும் பங்கும்: இரண்டு விடைகள்

மதிப்பும் நிலைபேறும் இல்லாத இந்தக் குறைக்குத் தொழிலாளர் தரப்பிலிருந்து இரண்டு அமைப்பு வழி விடைகள் பிறந்தன. முதலாவது தொழிற்சங்கம். சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் பொதுச்செயலாளர் பி. பி. நாராயணன் பின்னாளில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்குத் தலைவரான முதல் ஆசியர். கூலி, விடுப்பு, வேலை நிபந்தனை ஆகியவற்றைக் கூட்டு ஒப்பந்தத்தால் வரையறுக்கும் வழக்கம் தோட்டத் துறையில் நிலைபெற்றதற்கு இச்சங்கமே காரணம். துரையின் மனநிலையைப் பொறுத்திருந்த பலவும் எழுத்தில் ஏறின.

இரண்டாவது விடை இன்னும் துணிவானது. துண்டாடலைத் தடுக்க ஒரே வழி, தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவது என்று துன் வீ. தி. சம்பந்தன் முன்மொழிந்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பால்வெட்டுத் தொழிலாளர்களை உறுப்பினராக்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தோடு சங்கத்தின் கொள்முதல் தொடங்கியது. நாட்கூலி வாங்கிய ஒருவர் தான் பால் வெட்டும் நிறுவனத்தின் பங்குதாரராகவும் ஆகலாம் என்ற நிலை மலாயாத் தோட்டத் தொழிலாளிக்குப் புதிது. ஒரு தோட்டத்தைத் துண்டாகாமல் காப்பதென்றால் அங்குள்ள லயம், பள்ளி, கோயில் மூன்றையும் காப்பதாகும் என்பதால், பொருளாதார முயற்சியான அது சமூகப் பாதுகாப்பாகவும் அமைந்தது.

இதே காலத்தில் அரசு நடத்திய கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமும் உழைப்பவருக்கு நிலத்தில் பங்கு என்னும் கொள்கையையே பின்பற்றியது. கூலாய்க்கு அருகிலுள்ள தாயிப் அண்டாக் முதலிய குடியேற்றத் திட்டங்களில் குடியேறிகள் காலப்போக்கில் தாம் உழைத்த நிலத்துக்கே உரிமையாளர்கள் ஆனார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர்களுக்கு அந்த வாயில் அகலத் திறக்கவில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே பயிரை நம்பி, பக்கத்துப் பக்கத்து நிலங்களில் உழைத்த இரு சாராரின் பிற்கால நிலையை ஒப்பிட்டால், நில உரிமை தலைமுறைகளுக்கு என்ன செய்யும் என்பது தெரியும்.

செம்பனையும் நகரமும்

1970களிலிருந்து ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவையான ஆட்கள் குறைவு. பால் வெட்டில் பெண்களுக்குக் கிடைத்த நிரந்தர வேலை சுருங்கியது. குத்தகைக்காரர்கள் வழியாக ஆள் எடுக்கும் வழக்கம் பெருகியது. குறைந்த கூலிக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். மற்றொரு பக்கம் ஜொகூர் பாருவைச் சுற்றி நகரம் விரிந்தது. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றித் தொழிற்பேட்டை வளர்ந்தது. 2006இல் இஸ்கண்டார் மலேசியா என்னும் வட்டார வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று இஸ்கண்டார் புத்திரி என்றழைக்கப்படும் நகரம் பெரும்பாலும் செம்பனை நிலத்தின் மேல் எழுந்தது. அண்மை ஆண்டுகளில் கூலாய் வட்டாரத்து செடெனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன.

தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போகும். ஓய்வு பெற்றாலும் காலி செய்ய வேண்டும். தோட்டம் விற்கப்பட்டபோது சில மாதக் கெடுவோடு வெளியேறிய குடும்பங்கள் ஸ்கூடாய், மாசாய் போன்ற புறநகர்களின் மலிவு அடுக்குமாடிகளில் குடியேறின. அவர்கள் இழந்தது வேலை மட்டுமில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அண்டைவீடு, சண்டையைத் தீர்த்த பெரியவர், நாள் தவறாமல் விளக்கேற்றிய கோயில் எல்லாம் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போயின. மூன்று தலைமுறைகளாகக் கட்டிய சமூகத்துக்கு இழப்பீட்டுக் கணக்கில் எந்தப் பத்தியும் இருக்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து பெறும் முடிவு தெளிவானது. தோட்டத்தில் தோழமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதைத் தொழிலாளர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். நிர்வாகத்தின் கையில் மட்டும் இருந்தவை நான்கு: மதிப்போடு நடத்துவது, குறை சொல்ல இடம் கொடுப்பது, நிலைபேற்றுக்கு உறுதி தருவது, ஆக்கத்தில் பங்கு அளிப்பது. இந்த நான்கும் மறுக்கப்பட்ட இடங்களில் தொழிலாளரின் பற்று அவர்களையே காயப்படுத்தியது. இன்று பணியிடப் பிணைப்பை வளர்க்க விரும்பும் நிறுவனம் எதுவாயினும் தொடங்க வேண்டிய இடமும் இந்த நான்குதான்.

இன்றைய ஜொகூரின் பணியிடங்கள்

இன்றைய ஜொகூரில் பிணைப்பைக் கடினமாக்கும் காரணங்கள் மூன்று. முதலாவது, பாலம் கடந்த ஈர்ப்பு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, விடியற்காலை நான்கு மணிக்கே பாலத்தில் வரிசை நிற்பதற்கு விளக்கம் தேவையில்லை. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பில் மனக்குறை கொண்டவர் முன் இருக்கும் வழிகள் இரண்டு என்றார்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. வெளியேற்றம் எளிதானால் குரல் குறையும். குறை சொல்லாமலேயே ஊழியர் விலகிப்போகும் ஜொகூர் நிறுவனங்களின் நிலை இதற்குப் பொருந்துகிறது. சம்பளத்தில் சிங்கப்பூரோடு போட்டியிட முடியாத முதலாளி, வீட்டுக்கு அருகில் வேலை, ஒழுங்கான நேரம், முன்னேறும் வழி, கேட்கும் செவி ஆகியவற்றில் போட்டியிட முடியும்.

இரண்டாவது, ஒரே கூரையின்கீழ் பல நிலைகளில் ஆட்கள் இருப்பது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், குத்தகைக்காரரின் ஆள், வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகிய நால்வரும் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்யும் தொழிற்சாலைகள் உண்டு. சீருடை ஒன்றானாலும் உரிமைகள் வேறு. வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகள் மலேசியாவை உலகின் பார்வைக்கு உட்படுத்தின. இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் பொருள்களுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை 2020இல் தடை விதித்தது. 2021 நவம்பரில், தொழிலாளர் நிலை குறித்த தணிக்கைக்குப் பிறகு, ஜொகூரில் இயங்கிய ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தோடான ஒப்பந்தத்தை பிரிட்டனில் தோன்றிய டைசன் நிறுவனம் முறித்துக்கொண்டது. கடவுச்சீட்டைப் பிடித்துவைத்தல், கடனில் சிக்கவைத்தல், சம்பளத்தை நிறுத்திவைத்தல் ஆகியவற்றை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பட்டியலிட்டுள்ளது. தமிழர்களின் முன்னோர் கங்காணிக் கடனில் பட்ட துன்பத்துக்கும் இன்றைய முகவர் கட்டணத்துக்கும் உள்ள ஒற்றுமையைக் காணாமல் இருக்க முடியாது.

மூன்றாவது, மொழியும் காலமும் உண்டாக்கும் விலகல். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என்று பல மொழிகள் புழங்கும் அலுவலகத்தில், முக்கிய முடிவுகள் எல்லோருக்கும் புரியாத ஒரு மொழியில் பேசப்பட்டால் மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். நாள்காட்டியும் இப்படியே பிரிக்கக்கூடும். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் அது மீண்டும் சனி, ஞாயிறாக மாறியது. இடைப்பட்ட பதினோராண்டுகளில் தனியார் நிறுவனங்கள் பலவும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைத் தொடர்ந்ததால், பெற்றோரின் ஓய்வு நாளும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் பொருந்தாமல் போன குடும்பங்கள் ஏராளம். வேலையிடப் பிணைப்பு வேலையிடத்துச் சுவருக்குள் முடிவதில்லை. குடும்ப வாழ்வோடு ஒத்துப்போகும் வேலைதான் நீண்டகாலம் நெஞ்சில் நிற்கும்.

சட்டம் தரும் அடித்தளம்

மேலே சொன்ன மதிப்பு, குரல், நிலைபேறு, பங்கு ஆகிய நான்கு தேவைகளில் சிலவற்றுக்கு அண்மைக்காலச் சட்டங்கள் ஓர் அடித்தளம் இட்டுள்ளன. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022இல் 1,500 ரிங்கிட்டையும் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டையும் எட்டியது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தன. வார வேலைநேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வேலையில் பாகுபாடு குறித்த முறையீடுகளை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்குக் கிடைத்தது. கட்டாய உழைப்பு தனிக் குற்றமானது. தொழிலாளர் குடியிருப்புத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் சட்டம் திருத்தப்பட்டு, 2020 முதல் தோட்டம், சுரங்கம் தாண்டிப் பிற துறைகளுக்கும் பொருந்துகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019இல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்புக்குள்ளும் 2025 அக்டோபரில் ஊழியர் சேமநிதிக்குள்ளும் கொண்டுவரப்பட்டனர்.

சட்டத்தின் உள்விதிகளில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்களும் பொருள் பொதிந்தவை. சம்பளத்தோடு கூடிய பொதுவிடுமுறை ஆண்டுக்கு 11 நாள். தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதமுள்ள ஆறை நிறுவனம் தேர்ந்தெடுக்கலாம். ஜொகூரில் தைப்பூசம் மாநில விடுமுறை. ஆனால் ஒரு தனியார் தொழிற்சாலையில் அது விடுமுறையா என்பது பட்டியலைத் தயாரிக்கும் நிர்வாகத்தைப் பொறுத்தது. பட்டியலை முடிவு செய்யுமுன் ஊழியர்களைக் கலந்துகொள்ளும் நிறுவனம், காவடி எடுக்கும் ஊழியருக்கு எந்த விளம்பரப் பலகையும் சொல்ல முடியாத செய்தியைச் சொல்லிவிடுகிறது.

குரலைப் பொறுத்தவரை அடித்தளம் இன்னும் பலவீனமாக உள்ளது. மலேசியா, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கையை 1961இல் ஏற்றது. ஆயினும் மின்னணுத் துறைத் தொழிலாளரால் பல ஆண்டுகள் நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கங்களையே அமைக்க முடிந்தது. 2009இல்தான் வட்டார அளவிலான சங்கங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஜொகூர் போன்ற மின்னணு உற்பத்தி மாநிலத்தில் இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் இயந்திரத்தின் முன் நின்றவர்கள்.

நிறுவனங்கள் செய்யத்தக்கவை

மதிப்பு அன்றாட நடத்தையில் தொடங்குகிறது. ஊழியரின் பெயரைச் சரியாகச் சொல்வது, குத்தகை ஆளையும் அதே உணவகத்தில் அமரவைப்பது, தவறைப் பலர் முன்னிலையில் ஏசாமல் தனியே சொல்வது ஆகியவை செலவில்லாதவை. மேற்பார்வையாளருக்கு இவற்றில் பயிற்சி தருவது மிக முக்கியம். பெரும்பாலான ஊழியர்களுக்கு நிறுவனத்தின் முகம் அவர்தான். பாதுகாப்பு அறிவிப்புகளையும் ஒப்பந்தங்களையும் ஊழியர் அறிந்த மொழியில் தருவது மதிப்பின் எழுத்து வடிவம்.

குரல் என்பது கேட்பதோடு முடிவதில்லை. அமெரிக்காவின் ஹாத்தார்ன் ஆலையில் 1920களின் இறுதியில் 20,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள். மனம் விட்டுப் பேச வாய்ப்புக் கிடைத்ததே ஊழியர் மனநிலையை மாற்றியது என்று அன்று கண்டறிந்தனர். பிற்கால ஆய்வாளர்களோ, பேச விட்டுவிட்டு எதையும் மாற்றாமல் இருப்பது ஊழியரை அமைதிப்படுத்தும் உத்தியாகச் சுருங்கிவிடும் என்று எச்சரித்தார்கள். ஆகவே வந்த குறை எது, எடுத்த நடவடிக்கை எது, முடியாதது எது, ஏன் முடியாது என்பவற்றை நிர்வாகம் குறித்த நாளுக்குள் ஊழியருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தவறையும் ஐயத்தையும் அச்சமின்றி வெளியிட முடிந்த குழுக்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது. பழிவாங்கக் கூடாது என்ற 1941ஆம் ஆண்டுக் கோரிக்கையின் இன்றைய வடிவம் இதுவே. செம்பனைத் துறையின் நிலைத்தன்மைச் சான்றிதழ்கள் முறையீட்டு வழியையும் பெண் தொழிலாளர் பாதுகாப்பையும் நிபந்தனையாக்கியிருப்பது நல்ல தொடக்கம். அந்தக் குழுக்களில் தொழிலாளர் தேர்ந்தெடுத்தவர்கள் அமரும்போது அது முழுப்பயன் தரும்.

நிலைபேறு என்பது ஆயுட்கால வேலைக்கு உத்தரவாதம் கொடுப்பதாகாது. ஒப்பந்த ஊழியர் எத்தனை காலத்தில், எந்தத் தகுதியில் நிரந்தரமாவார் என்பதை எழுதித் தருவது, ஆட்குறைப்பு வரும்போது முன்கூட்டியே சொல்வது, மறுபயிற்சி கொடுப்பது ஆகியவை அதன் கூறுகள். வேலையோடு வீட்டையும் இணைத்த தொழில்களில், ஓய்வுக்குமுன் சொந்தவீடு பெறும் திட்டத்துக்கு முதலாளி துணைநிற்பது கட்டாயத் தேவை. தோட்டத்து வரலாறு கற்பிக்கும் மிகக் கசப்பான பாடம் அது.

பங்கு பல வடிவங்களில் அமையலாம். கூட்டுறவுப் பங்கு, ஊழியர் பங்குத் திட்டம், இலாபத்தைச் சார்ந்த மிகையூதியம், ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவை பொருள்வழிப் பங்குகள். வேலைமுறையை மாற்றும்போது அந்த வேலையைச் செய்பவரின் யோசனையைப் பெற்று, அதன் பயனை அவர் பெயரிலேயே அறிவிப்பது அறிவுவழிப் பங்கு. சம்பந்தனின் பத்து வெள்ளித் தவணை காட்டிய உண்மை, மிகக் குறைந்த வருவாய் உள்ளவரும் பங்குதாரராக விரும்புவார், வாயில் திறந்திருந்தால் உள்ளே வருவார் என்பதே.

விழாக்களுக்கும் இங்கே இடம் உண்டு. மலேசியப் பணியிடங்களில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு விருந்துகள் உண்மையான நெருக்கத்தை வளர்க்கின்றன. மேலே சொன்ன நான்கும் உள்ள இடத்தில் விருந்து மகிழ்ச்சியைப் பெருக்கும். அவை இல்லாத இடத்தில் விருந்து அந்த ஒரு நாளோடு கலைந்துபோகும்.

பிணைப்பை அளப்பது

பிணைப்பு வளர்கிறதா என்பதை ஆண்டுக்கொருமுறை நடத்தும் கருத்துக்கணிப்பு மட்டும் காட்டாது. அச்சமுள்ள இடத்தில் கணிப்பின் விடைகளும் அச்சத்தோடே வரும். நம்பத்தகுந்த அளவுகோல்கள் நிறுவனத்தின் பதிவேடுகளிலேயே உள்ளன: முதல் ஆண்டுக்குள் விலகியோர் எத்தனை பேர், எந்தப் பிரிவில், எந்த இனத்தவர், ஆணா பெண்ணா, கீழ்நிலையில் சேர்ந்தவர்களில் மேற்பார்வையாளர் ஆனவர்கள் எத்தனை பேர், வந்த முறையீடுகளில் தீர்வு கண்டவை எத்தனை, மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய பெண்கள் தொடர்ந்து இருக்கிறார்களா, விலகிப்போனவர்கள் மீண்டும் வந்து சேர்கிறார்களா, ஊழியர் தம் பிள்ளைகளையும் உறவினரையும் இதே வேலைக்குப் பரிந்துரைக்கிறார்களா. இந்த எண்கள் நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். மொத்தச் சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு பிரிவினர் விலக்கப்பட்டிருக்கக்கூடும்.

2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் மாநிலத்துக்குப் புதிய முதலீடுகளைக் கொண்டுவருகிறது. அந்த முதலீடுகளோடு புதிய குடியிருப்புகளும் புதிய தொழிலாளர் கூட்டங்களும் உருவாகும். ரப்பர்க் காலத்தில் தொழிலாளர்கள் தங்கள் பங்குக்குரிய சமூகத்தைக் கட்டினார்கள். நிர்வாகத்தின் பங்கு பெரும்பாலும் நிலுவையில் நின்றது. மதிப்பு, குரல், நிலைபேறு, பங்கு என்ற நான்கையும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்திலும் நடைமுறையிலும் எழுதிவைக்கும் நிறுவனங்கள் அந்த நிலுவையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தாமல் தீர்க்க முடியும்.